ஓர் அறையா, ஒரு கட்டடமா, ஓர் ஊரா? கூரைக்குக் கீழே ராக் கேட்கப் போகிறவர்களுக்கு

ராக் திருவிழா என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜெர்மனியின் வாக்கன். வயல்வெளி, கூடாரம், 85,000 பேர், சேறு. 2023-இல் மழை கொட்டித் தீர்த்து, வண்டிகள் சேற்றில் சிக்கி, டிக்கெட் வாங்கியிருந்த பல்லாயிரம் பேர் உள்ளே வரவே முடியாமல் போனது. அதையும் ரசிப்பதற்கு ஒரு மனசு வேண்டும். எனக்கு அது கிடையாது. பாட்டு கேட்கத்தான் போகிறோம் என்றால் தலைக்கு மேல் கூரை, நல்ல ஒலியமைப்பு, இரவு படுக்க ஒரு கட்டில் இதெல்லாம் இருந்தால் என்ன குறைந்துவிடும்? அப்படிப்பட்ட சின்ன உள்ளரங்கத் திருவிழாக்கள் ஐரோப்பாவில் வருடம் முழுக்க எங்காவது நடந்துகொண்டேதான் இருக்கின்றன.

எதற்குப் போவது என்று முடிவெடுக்க எல்லோரும் முதலில் பார்ப்பது லைன்-அப்பை. போஸ்டரில் நமக்குப் பிடித்த பெயர்கள் எத்தனை என்று எண்ணுவோம், அதிகம் உள்ளதற்கு டிக்கெட் போடுவோம். திறந்தவெளித் திருவிழாவுக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரிப்படும். மைதானத்தில் தள்ளி நின்றாலும் காதில் விழும். உள்ளரங்கில் அது நடக்காது. ஓர் அறைக்கு இத்தனை பேர் என்று தீயணைப்பு விதி இருக்கிறது. அந்த எண்ணிக்கை தொட்டதும் கதவை மூடிவிடுவார்கள், நீங்கள் வெளியே நிற்பீர்கள். போஸ்டரில் உள்ள பெயர்களில் உங்கள் காதுக்கு எத்தனை வந்து சேரும் என்பதைத் தீர்மானிப்பது மேடைகள் எத்தனை, அவை எங்கெங்கே இருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு பேர் கொள்ளும் என்பதுதான். அதனால் லைன்-அப்புக்கு முன்னால் கட்டடத்தைப் பாருங்கள் என்று சொல்வேன்.

அந்தக் கண்ணோட்டத்தில் மூன்று திருவிழாக்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நெதர்லாந்தின் பார்லோ கிராமத்தில் நடந்துவரும் ப்ராக்பவர் யூரோப்: ஒரே அறை, ஒரே மேடை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடக்கும் டாம்னேஷன்: ஒரே கட்டடம், பல மேடைகள். நெதர்லாந்தின் டில்பர்க்கில் நடக்கும் ரோட்பர்ன்: நான்கு நாள், ஊரின் நடுப்பகுதி முழுக்கப் பரவிய பல அரங்குகள். மூன்றும் கனத்த இசைக்கானவை, அதாவது மெட்டலும் அதைச் சார்ந்த வகைகளும். ஆனால் ரசிகனாக நீங்கள் செலவழிக்கும் நாள் மூன்றிலும் மூன்று விதம்.

பார்லோ

நெதர்லாந்தின் தென்கிழக்கு மூலையில் லிம்பர்க் மாகாணத்தில், மாஸ் ஆற்றை ஒட்டி, ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள கிராமம் பார்லோ. அங்கே உள்ள இளைஞர் மன்றம் ஒன்றில்தான் ப்ராக்பவர் நடக்கும். இளைஞர் மன்றம் என்றால் நம்மூர்க் கற்பனை வேண்டாம். டச்சுக் கிராமங்களில் இவற்றுக்குச் சொந்தமாக மேடை, ஒலி ஒளி, மதுக்கூடம் எல்லாம் இருக்கும். சில நூறு பேர் நின்றால் நிறைந்துவிடும் அளவு. வழக்கமாக இலையுதிர் காலத்தில், செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும் ஒரு வார இறுதி.

ஒரே மேடை என்பதால் கிளாஷ் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு இசைக்குழுக்கள் ஒரே நேரத்தில் வாசிக்க, எதை விடுவது என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். ஒன்று முடிந்ததும் மேடையை மாற்றுவார்கள், நீங்கள் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வரலாம், அடுத்தது தொடங்கும். மேடைக்கும் பின்சுவருக்கும் இடையே தூரமே குறைவு என்பதால் எங்கே நின்றாலும் கிட்டார்காரரின் விரல் தெரியும். ஏழு தந்திக் கிட்டார், ஒற்றைப்படைத் தாளம், பதினைந்து நிமிடப் பாட்டு என்று போகும் ப்ராக் (ப்ரோக்ரசிவ்) மெட்டலுக்கு இது பெரிய விஷயம். அந்த இசையில் பாதி சுகம் கையைப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

இன்னொரு சிறப்பு தங்குமிடம். பார்லோவைச் சுற்றி நான்கு கோட்டை மாளிகைகள் உண்டு. அதில் ஒன்றான டெ பெர்க்ட்டில் ரசிகர்களும் இசைக்குழுவினரும் ஒன்றாகத் தங்குவது இந்தத் திருவிழாவின் பழைய வழக்கம். மேடையில் பார்த்த பாடகர் மறுநாள் காலையில் ரொட்டிக்கு உங்கள் பின்னால் நிற்பார். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது வரமா தண்டனையா என்பது அவரவர் குணத்தைப் பொறுத்தது. சிலர் அந்தக் காலை நேரத்துக்காகவே திரும்பத் திரும்பப் போகிறார்கள்.

குறைகளும் வெளிப்படையானவை. ஒரே மேடை என்றால் பிடிக்காத குழு வாசிக்கும்போது தப்பிக்க வழியில்லை. கிராமம் என்பதால் சுற்றிப் பார்க்க ஆறும் வயலும்தான், பகலெல்லாம் கடை வீதியில் அலைய விரும்புகிறவர்களுக்குப் போர் அடிக்கும். ரயிலில் வருகிறவர் இறங்க வசதியான பெரிய நிலையம் வென்லோ. அங்கிருந்து பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும், இரவு நிகழ்ச்சி முடிந்த பிறகு பேருந்தை நம்பக்கூடாது. அதோடு, இந்த அளவிலான திருவிழாக்கள் ஒரு சின்னக் கூட்டத்தின் உழைப்பில் ஓடுகின்றன. எந்த வருடம் நடக்கிறது, எந்தத் தேதி என்பதைப் பார்த்து உறுதிசெய்யாமல் விமான டிக்கெட் போடாதீர்கள்.

மான்செஸ்டர்

டாம்னேஷன் 2005-இல் மான்செஸ்டரில் தொடங்கியது. பிறகு லீட்ஸுக்குப் போய்ப் பல வருடம் அங்கே பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடத்தில் நடந்தது. அந்தக் கட்டடத்தின் உணவுக்கூடத்தில்தான் தி ஹூ குழு 1970 பிப்ரவரியில் தன் புகழ்பெற்ற நேரடி ஒலிப்பதிவைச் செய்தது. இடம் போதாமல் 2022-இல் டாம்னேஷன் மான்செஸ்டருக்கே திரும்பிவிட்டது. இப்போது இருக்கும் இடம் டிராஃபர்ட் பார்க் தொழிற்பேட்டையில் உள்ள பி.இ.சி. அரீனா. நவம்பர் முதல் வாரத்தை ஒட்டிய சனிக்கிழமைதான் இதன் பாரம்பரிய நாள். மான்செஸ்டர் திரும்பிய பிறகு சில வருடம் வெள்ளி இரவிலும் ஒரு நிகழ்ச்சி சேர்ந்தது, 2025-இல் சனி, ஞாயிறு என இரண்டு நாளாக நடந்தது. அந்த வெள்ளி இரவுகளில் குழுக்கள் தங்கள் ஆல்பம் ஒன்றை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசையாக வாசித்தார்கள். என்னைக் கேட்டால் சனிக்கிழமையைவிட அந்த இரவு சுவையாக இருந்தது.

இதன் பெரிய பலம் செலவும் விடுப்பும். வெள்ளி மாலை கிளம்பி, வார இறுதியில் கேட்டுவிட்டு, திங்கள் வேலைக்குப் போய்விடலாம். பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு இதைவிட எளிது வேறில்லை. எல்லா மேடைகளும் ஒரே கூரைக்கடியில் என்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கோட்டு தேவையில்லை. நவம்பர் மான்செஸ்டரில் மாலை நாலரைக்குள் சூரியன் அடைந்துவிடும், மழையும் பெரும்பாலும் இருக்கும், அதனால் இது சின்ன சலுகை இல்லை.

ஆனால் இசை கேட்பதற்கென்றே கட்டிய இடம் அது கிடையாது. கண்காட்சிக்கூடம். பரந்த சமதளத் தரை. ஆறடி ஆட்கள் நிறைந்த கூட்டத்தில் என்னைப் போல் ஐந்தேகால் அடிக்காரர்கள் நின்றால் மேடை தெரியாது, முன்னால் இருப்பவரின் ஜாக்கெட்டில் தைத்திருக்கும் குழுப் பெயர்களைப் படித்துக்கொண்டிருக்கலாம். ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் என்பதால் செட் நேரமும், அதாவது ஒரு குழு மேடையில் வாசிக்கும் நேரமும், சுருக்கம். முக்கால் மணியில் முடிகிற டூம் மெட்டல் செட் என்பது மூன்று பாட்டுதான். மெதுவாக, கனமாக வாசிக்கும் குழுக்களுக்கு அந்த நேரம் போதாது. வேகமாகப் பாய்ந்து ஓய்கிற டெத் மெட்டலுக்கும் ஹார்ட்கோருக்கும் கச்சிதம். உங்கள் ரசனை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளாஷ் உண்டு, ஆனால் தாங்கக்கூடியது. ஒரு செட்டில் பாதி, இன்னொன்றில் பாதி என்று நடந்தே சமாளிக்கலாம். நகர மையத்திலிருந்து டிராஃபர்ட் பார்க் வழியாக டிராம் 2020 முதல் ஓடுகிறது. போகும்போது அது போதும். முடிந்து வெளியே வரும்போது ஒரே நேரத்தில் எல்லோரும் டாக்சி தேடுவார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

டில்பர்க்

இப்போது ரோட்பர்ன். என் மனசு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை, இதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

டில்பர்க் தெற்கு நெதர்லாந்தின் பழைய கம்பளி நெசவு நகரம். ஆம்ஸ்டர்டாம் மாதிரிக் கால்வாயும் அழகும் எதிர்பார்க்காதீர்கள். அங்கே 013 என்றொரு இசையரங்கம் இருக்கிறது. 1998-இல் திறந்தது, பெயர் ஊரின் தொலைபேசிக் குறியீட்டு எண். வெளிச்சுவரில் கறுப்பு ரப்பர் போர்த்தி, அதில் குறுந்தகடுகளைப் பொத்தான் போலப் பதித்திருப்பார்கள். 2015-இல் பெரிய அரங்கத்தை விரிவாக்கி 3,000 பேர் கொள்ளும்படி செய்தார்கள். பக்கத்திலேயே இருக்கும் இரண்டாவது அரங்கம் சுமார் 700 பேருக்கு. பெரிய அரங்கில் தளம் படிக்கட்டாக உயர்ந்துகொண்டே போகும். குள்ளமானவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

ஒவ்வொரு ஏப்ரலிலும், வியாழன் முதல் ஞாயிறு வரை, இந்த இரண்டு அரங்குகளோடு சேர்ந்து ஊரின் மற்ற இடங்களும் ரோட்பர்னுக்குத் திறக்கும். ரயில் நிலையத்தை ஒட்டி ஸ்போர்ஸோன் என்ற பகுதி இருக்கிறது. முன்பு ரயில் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைகள். அதில் ஒரு கொட்டகை இப்போது நூலகம், 2019-இல் உலகின் சிறந்த கட்டடம் என்ற விருதையே வாங்கியது. பக்கத்தில் இருக்கும் கூப்பல்ஹால் என்ற பழைய தொழிற்கூடமும், ஹால் ஆஃப் ஃபேம் என்ற சின்ன அரங்கமும் ரோட்பர்னின் மேடைகள். ஹால் ஆஃப் ஃபேமை ஒட்டிய ஸ்கேட்போர்டு கூடத்தில் முன்னறிவிப்பு இல்லாத நிகழ்ச்சிகள் கூட நடக்கும். 013-லிருந்து இந்தப் பகுதிக்குப் பத்து நிமிட நடை.

மார்கழி மாதம் மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் இடையே சபா சபாவாக அலைந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலையில் அட்டவணையைப் பார்த்துப் பேனாவால் வட்டம் போடுவது, இந்தக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வரும்போது எழுந்து அங்கே போனால் மெயின் கிடைக்குமா என்று கணக்கிடுவது, நடுவில் கேன்டீன். ரோட்பர்ன் அதேதான், வேட்டிக்குப் பதில் கறுப்பு டி-ஷர்ட். 013-க்குப் பக்கத்தில் ஃபேமார்க்ட்ஸ்ட்ராட் என்ற தெருதான் கேன்டீன். உணவகங்களும் மதுக்கடைகளும் வரிசையாக இருக்கும், வெளியே மேசை போட்டிருப்பார்கள், அந்த நான்கு நாளும் தெரு முழுக்கக் கறுப்புச் சட்டைதான். ஏப்ரல் நடுவில் இரவு எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும். அடித்து நொறுக்கும் ஒரு செட்டைக் கேட்டுவிட்டு மாலை வெயிலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிடுவது நவம்பர் மான்செஸ்டரில் கிடைக்காது.

இசையைப் பொறுத்தவரை மற்ற இரண்டிலும் இல்லாத ஒன்று இங்கே உண்டு. வெறுமனே சுற்றுப்பயணத்தில் இருக்கும் குழுக்களைக் கூப்பிட்டு வாசிக்க வைப்பதோடு இவர்கள் நிறுத்துவதில்லை. கலை இயக்குநர் வால்டர் ஹூய்மாக்கர்ஸ் புதுப் படைப்புகளை எழுதச் சொல்லிக் கேட்கிறார். 2018-இல் ஃபின்லாந்தின் ஓரான்சி பசூசு, டார்க் புத்தா ரைசிங் என்ற இரண்டு குழுக்கள் ஒன்றாகச் சேர்ந்து வேஸ்ட் ஆஃப் ஸ்பேஸ் ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் ஒரு முழு நீளப் படைப்பை இங்கேதான் முதலில் வாசித்தன. 2019-இல் இன்னும் பெரிய விஷயம் நடந்தது. சுவிட்சர்லாந்தின் டாம் வாரியர் தன் பழைய குழுவான செல்டிக் ஃப்ராஸ்ட்டின் 1987 ஆல்பத்தில் தொடங்கி முடிக்காமல் விட்டிருந்த மூன்று பாக இரங்கற்பாவை, தன் இன்றைய குழுவான டிரிப்டிகனோடும் டச்சு மெட்ரோபோல் ஆர்கெஸ்டோடும் சேர்ந்து இங்கே முழுமையாக அரங்கேற்றினார். முப்பது வருடத்துக்கு மேல் கிடப்பில் இருந்த வேலை. அது பின்னர் ஒலிப்பதிவாகவும் வந்தது. பல வருடங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஓர் இசைக்கலைஞரை அழைத்து நிகழ்ச்சியின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் கொடுத்தார்கள். 2014-இல் ஸ்வீடனின் ஓபெத் குழுவின் மிக்கேல் ஓகர்ஃபெல்ட், 2019-இல் அதே நாட்டின் அட் தி கேட்ஸ் குழுவின் டோமஸ் லிண்ட்பெரி. லிண்ட்பெரி 2025-இல் காலமானார்.

அதனால் இங்கே லைன்-அப்பில் உங்களுக்குத் தெரிந்த பெயர் குறைவாக இருந்தால் அது குறையே இல்லை. பெயர் தெரியாத குழுவின் செட்தான் ஊர் திரும்பிய பிறகும் தலைக்குள் ஓடும். இது விளம்பர வாசகம் போலத் தோன்றலாம், ஆனால் ரோட்பர்னுக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஹெட்லைனர், அதாவது போஸ்டரில் பெரிதாகப் போட்ட முக்கியக் குழுவின் பெயராக இருக்காது.

சரி, இப்போது கதவு விஷயத்துக்கு வருவோம். பெரிய அரங்கில் 3,000 பேர் ஒரு செட்டைக் கேட்டு முடிக்கிறார்கள். அடுத்து 700 பேர் கொள்ளும் அரங்கில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த குழு ஒன்று தொடங்குகிறது. நான்கில் ஒருவர் அங்கே போக நினைத்தாலே அரங்கம் நிறைந்துவிடும். அதைவிடச் சின்ன அரங்குகளில் நிலைமை இன்னும் இறுக்கம். ரோட்பர்ன் டிக்கெட் என்பது திருவிழாவுக்குள் வர அனுமதிதான், குறிப்பிட்ட குழுவைக் கேட்க உத்தரவாதம் கிடையாது. இதைப் புரிந்துகொள்ளாமல் போகிறவர்கள்தான் வரிசையில் நின்று கோபப்படுகிறார்கள்.

இதற்கு மருந்து ஒன்றுதான். ஒரு நாளுக்கு இரண்டு செட்களை மட்டும் கட்டாயம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவை சின்ன அரங்கில் என்றால் அதற்கு முந்தைய குழு வாசிக்கும்போதே உள்ளே போய் நின்றுவிடுங்கள். முந்தைய குழு யாராக இருந்தாலும் பரவாயில்லை, பல நேரம் அதுதான் லாபமாக முடியும். மீதி நேரத்தைக் கால் போன போக்கில் விடுங்கள். பத்து செட் பட்டியல் போட்டுக்கொண்டு ஸ்போர்ஸோனுக்கும் 013-க்கும் நடுவில் ஓடுகிறவர் எதையும் முழுதாகக் கேட்பதில்லை.

நான்கு நாள் டிக்கெட்டா, ஒருநாள் டிக்கெட்டா என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பாவுக்குள்ளேயே இருந்து ரயிலில் வர முடிகிறவர் ஒருநாள் டிக்கெட்டில் ருசி பார்க்கலாம். தூரத்திலிருந்து வருகிறவர் நான்கு நாளுக்கே எடுத்துவிடுவது நல்லது. முதல் நாள் அரங்குகளுக்கு வழி கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். இரண்டாவது நாளிலிருந்துதான் எந்த அரங்கில் எங்கே நின்றால் சரியாகக் கேட்கும் என்பது பிடிபடும்.

தங்குமிடம்தான் ரோட்பர்னின் தலைவலி. டில்பர்க்கில் ஹோட்டல்கள் குறைவு, முன்கூட்டியே நிறைந்துவிடும், மிச்சம் இருப்பவை விலையை ஏற்றிவிடும். பக்கத்து ஊர்களான பிரேடாவும் டென் போஸும் ரயிலில் கால் மணி நேரம்தான், எய்ந்தோவன் அரை மணி. விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் கடைசி ரயிலுக்காகக் கடைசி செட்டைப் பாதியில் விட வேண்டிவரும். இரண்டையும் ஒப்பிட்டால் டில்பர்க்கிலேயே ஒரு சுமாரான அறையை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்வதுதான் என் ஓட்டு. மதியம் ஒரு மணி நேரம் போய்க் காலை நீட்டிப் படுத்துவிட்டு வர முடிகிறது பாருங்கள், அந்த வசதிக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

விசா என்ற வடிகட்டி

நம்மில் பலருக்கு ரசனையைவிடக் கடவுச்சீட்டுதான் முடிவெடுக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நெதர்லாந்துக்கு ஷெங்கன் விசா, இங்கிலாந்துக்குத் தனி விசா. லண்டனில் வேலை அனுமதியோடு வாழ்ந்தாலும் டில்பர்க் போக ஷெங்கன் விசா வாங்கியே ஆகவேண்டும். அதேபோல் பாரிஸிலோ டார்ட்மண்டிலோ வாழும் தமிழர் ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை பெற்றவராக இருந்தால், 2025 ஏப்ரல் முதல் பிரிட்டன் போக இணையவழி முன் அனுமதி எடுக்க வேண்டும். குடியுரிமை இல்லாமல் பழைய கடவுச்சீட்டிலேயே இருப்பவருக்கு முழு விசா.

ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாகப் பதினைந்து நாள், சிக்கல் என்றால் 45 நாள் வரை இழுக்கும். ஏப்ரல் ரோட்பர்னுக்குப் போகிறவர் அக்டோபரிலேயே தொடங்கலாம் என்று பொருள். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கிளம்புகிறவருக்கு விசா, விமானக் கட்டணம், விடுப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஒரே ஒரு வார இறுதிக்காக மான்செஸ்டர் போவது கட்டுப்படியாகாது. அங்கே உறவினர் வீடு இருந்து, அதோடு சேர்த்துப் போனால் வேறு விஷயம்.

காது

இதைக் கடைசியில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். திறந்தவெளியில் ஒலி வானத்துக்குப் போய்விடும். நான்கு சுவருக்குள் அது திரும்பத் திரும்ப வந்து அடிக்கும். டச்சு அரங்குகள் சுகாதார அமைச்சகத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பதினைந்து நிமிடச் சராசரி 103 டெசிபலைத் தாண்டக்கூடாது. தாண்டக்கூடாத எல்லை அது என்பதை நினைவில் வையுங்கள், பாதுகாப்பான அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தொழிலிடப் பாதுகாப்புக் கணக்கில் 85 டெசிபல் எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி, 103-இல் ஏழரை நிமிடம். நீங்கள் அங்கே நிற்கப்போவது நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம்.

வடிகட்டி வைத்த இயர்பிளக் கிட்டத்தட்ட 18 டெசிபல் குறைத்தால் மறுபடி அந்த 85-க்கு வந்துவிடுகிறோம். பஞ்சு மாதிரி நுரை அடைப்பானும் காப்பாற்றும்தான், ஆனால் அது உச்ச ஒலிகளை அதிகமாகத் தின்று இசையைக் கம்பளிக்குள் சுற்றியதுபோல் ஆக்கிவிடும். வடிகட்டி உள்ளதே வாங்குங்கள். டாம்னேஷனுக்கே இது கட்டாயம், நான்கு நாள் ரோட்பர்னுக்குச் சொல்லவே வேண்டாம். நிற்கும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேடையோர ஒலிபெருக்கிக்கு எதிரே நிற்காமல், மிக்சர் மேசைக்கு அருகில் போங்கள். ஒலிப் பொறியாளர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் அமைப்பார்.

அப்படியானால் எது?

தனியாகப் போகிறவருக்கு, அதிலும் முதல் தடவை போகிறவருக்கு, பார்லோ நல்லது. சில நூறு பேரில் இரண்டாம் நாளே முகங்கள் பழகிவிடும், தானாகப் பேச்சு வந்துவிடும். ஆனால் ப்ராக் மெட்டல் பிடிக்காதவருக்கு அங்கே வேலையில்லை, மாற்று மேடை கிடையாது. நண்பர்கள் நாலைந்து பேர் கூட்டமாகப் போகிறீர்கள், எல்லோரும் பிரிட்டனில் இருக்கிறீர்கள், ஆளுக்கொரு ரசனை என்றால் டாம்னேஷன். ஆளுக்கொரு மேடைக்குப் பிரிந்துபோய் நடுக்கூடத்தில் கூடிக்கொள்ளலாம். பெண்கள் தனியாகப் போவது பற்றி நண்பர்கள் கேட்பதுண்டு. மூன்றிலும் கூட்டம் பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டிய, இசைக்காகவே வந்த கூட்டம். மேடைக்கு முன்னால் முட்டி மோதி ஆடும் மோஷ் பிட்டில் விழுந்தால் பத்துக் கை தூக்கிவிடும். இரவு திரும்பும் வழியைத்தான் யோசிக்க வேண்டும். அந்த வகையில் அறைக்கு நடந்தே போகக்கூடிய டில்பர்க்கும், கோட்டையில் தங்கினால் பார்லோவும், டிராஃபர்ட் பார்க் தொழிற்பேட்டையைவிட மேல்.

தூரத்திலிருந்து, வாழ்க்கையில் ஒரு தடவையாவது என்று காசு சேர்த்துப் போகிறவருக்கு ரோட்பர்ன்தான். பிடித்த குழு அந்த வருடம் வராவிட்டாலும்.

டிக்கெட் வாங்கும் நேரத்தில் மட்டும் ஒரு விஷயம். விசா கைக்கு வரும் முன் நான்கு நாள் டிக்கெட்டுக்குப் பணம் கட்டப் பலருக்குப் பயம். அது நியாயமான பயம். நெதர்லாந்தில் டிக்கெட்ஸ்வாப் என்ற மறுவிற்பனைத் தளம் பரவலாகப் புழங்குகிறது. அதில் வாங்கிய விலையைவிட 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றி விற்க முடியாது. விசா மறுக்கப்பட்டால் உங்கள் டிக்கெட்டை அங்கே விற்றுவிடலாம், விசா தாமதமாக வந்தால் கடைசி வாரங்களில் அங்கேயே வாங்கவும் செய்யலாம். பயணம் ரத்தானவர்கள் விற்கும் டிக்கெட்டுகள் வந்துகொண்டிருக்கும். அறையைத்தான் அப்படிக் கடைசி நேரத்தில் பிடிக்க முடியாது. அதனால் பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையில் அறையை முதலில் பதிவு செய்துவிட்டு, விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு, டிக்கெட்டைப் பிறகு பாருங்கள்.